சூழலியல் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் ஆறு மாதத்துக்கு இது உதவும்

எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பல்கலைக்கழகச் சூழலியல் ஆய்வகத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாளர்) ஆகவோ பிராஜெக்ட் ஃபெலோவாகவோ சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் யாரும் உட்கார்ந்து எதையும் சொல்லித்தருவதில்லை. சீனியர் தீசிஸ் எழுதும் அவசரத்தில் இருப்பார், கைடுக்கு ஒரு மீட்டிங் முடிந்தால் அடுத்த மீட்டிங், லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கோ எந்தக் கண்ணாடிச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும், ஆனால் உங்கள் வேலை என்னவென்று அவருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்து, அதில் ஒரு வருஷத்தைத் தொலைத்த பிறகே கற்றுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நான் வேலை செய்தது பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டிலும், கடலோரக் கோயில் காடுகளிலும், சில ஏரிகளிலும். நீங்கள் சோலைக்காட்டிலோ பவளப்பாறையிலோ வேலை செய்தாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துவரும் ஒவ்வொரு எண்ணோடும் எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்ற ஐந்தும் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். இதில் ஒன்று கழன்றுபோனாலும் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

எனக்கு இது புரிந்தது முதல் வருஷம் மண் எடுக்கப் போனபோது. 12 பிளாட் (காட்டில் அளந்து குறித்துவைத்த ஆய்வுச் சதுரம்), ஒவ்வொன்றிலும் நான்கு இடம், மொத்தம் 48 பாலிதீன் பை. ஒவ்வொரு பையின் மேலும் மார்க்கரில் அழகாக எழுதினேன். மண் ஈரம், பைகள் ஒன்றோடொன்று உரச உரச ஜீப்பில் மூன்று மணி நேரம். லேபில் இறக்கிப் பார்த்தால் 19 பைகளில் எழுத்தே இல்லை, வெறும் நீலத் தீற்றல். அதற்குள் அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. திரும்பப் போய் எடுத்தாலும் அது மழைக்கு முந்தைய மண் ஆகாது. அந்த 19 இடத்தின் மழைக்கு முந்தைய டேட்டா என் தீசிஸில் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து செய்வது இது: டிரேசிங் பேப்பரைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பென்சிலில் எழுதி, ஒன்றைப் பைக்குள்ளே மண்ணோடு போடுவேன், இன்னொன்றை வெளியே கட்டுவேன். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலிலும் அழியாது. நோட்டிலும் பென்சில்தான். ஜெல் பேனாவில் எழுதிய பக்கத்தின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் போதும், அன்றைய வேலை முடிந்தது.

கிளம்புவதற்கு முன்னால்

அனுமதிக் கடிதம் இல்லாமல் காட்டுக்குள் காலடி வைக்காதீர்கள். சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி செய்ய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். காப்புக்காடு என்றாலும் வனத்துறையிடம் எழுதி வாங்கத்தான் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் சேர்ந்த முதல் மாதமே கைடிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். கடிதம் வந்ததும் நான்கு நகல் எடுத்து, மாவட்ட வன அலுவலர் அலுவலகம், வனச்சரகர், அந்தப் பகுதி வனக்காப்பாளர் மூவரையும் நேரில் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். கடிதத்தில் என்னென்ன எடுக்கலாம் என்று போட்டிருக்கிறதோ அது மட்டும்தான். இலை என்று இருந்தால் இலை. பட்டையைச் சுரண்டுவதற்கு அது அனுமதி ஆகாது.

கோயில் காட்டுக்கு அரசாங்கக் கடிதம் மட்டும் போதாது. ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் போய்ப் பாருங்கள். எந்த இடம் வரை செருப்போடு போகலாம், எந்த மரத்தில் கை வைக்கக் கூடாது, எந்தக் கிழமை வரக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தக் காடு இத்தனை காலம் நிற்பதே அந்தக் கட்டுப்பாட்டால்தான், நாம் அதை மீறுவது நியாயமே இல்லை.

சாப்பாடு புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், மதியம் இரண்டு மணி வெயிலிலும் கெடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். முழுக்கைச் சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் ஒரு விஷயம் தயங்காமல் செய்யுங்கள்: ஒன்றுக்குப் போக இடம் இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோடு திரும்பி வந்த தோழிகள் எனக்கு உண்டு. பயணத் திட்டம் போடும்போதே வழியில் எந்த வீட்டில், எந்தப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருக்கிறது என்று கேட்டு வையுங்கள், இரண்டு பெண்களாகப் போங்கள், குழுவில் இருக்கிற ஆண்களுக்கும் இது சாதாரண விஷயம் என்று பழகட்டும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பாம்பைப் போலவே கவனிக்க வேண்டியது புதர்க்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. புதருக்குள் வேலை செய்துவிட்டு வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் காட்டில் வேலை செய்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகிவிடும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பிளாட் போடுவது

10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று எழுதுவது சுலபம், காட்டில் சதுரம் வராது, சாய்சதுரம்தான் வரும். கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் மூலை சரியான செங்கோணமாக வரும். நான்கு மூலையும் நட்டபிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள், இரண்டுமே 14.14 மீட்டர் வர வேண்டும். ஒன்று 13.6, இன்னொன்று 14.6 என்று வந்தால் பிடுங்கி மறுபடி நடுங்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் அப்புறம் ஹெக்டேருக்கு எத்தனை மரம் என்று கணக்குப் போடும்போது இந்தத் தப்பு நூறு மடங்காகிவிடும்.

மரத்தின் சுற்றளவு எடுக்கும் உயரம் இந்திய வனவியல் பழக்கத்தில் 1.37 மீட்டர், நாலரை அடி. உலகத்தின் பல பெரிய பிளாட்களில் 1.3 மீட்டர். எதை எடுத்தாலும் பரவாயில்லை, பிராஜெக்ட் முழுக்க ஒன்றே இருக்க வேண்டும், டேட்டா ஷீட்டின் தலையில் எழுதியிருக்க வேண்டும். 'நெஞ்சு உயரம்' என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஆள் தன் நெஞ்சில் அளந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு மூங்கில் குச்சியைச் சரியான உயரத்துக்கு வெட்டிக்கொண்டு போய் மரத்தோடு சேர்த்து வைத்து அளங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கமாக நின்று அளக்க வேண்டும். கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் விட வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தில் இரண்டு தண்டையும் தனித்தனியாக அளந்து, ஒரே மரம் என்று குறிக்க வேண்டும். டேப் பின்பக்கம் தொங்கியிருக்கிறதா என்று இன்னொருவர் சுற்றிவந்து பார்க்கட்டும். எங்கள் பிளாட் ஒன்றில் இரண்டு வருஷத்தில் ஒரு வீரை மரம் 3 செ.மீ. சுருங்கியிருந்தது. மரம் சுருங்கவில்லை, முதல் வருஷம் டேப் கோணலாக இருந்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988-இல் 50 ஹெக்டேரில் ஒரு நிரந்தரப் பிளாட் போட்டது. 1 செ.மீ. விட்டத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்து, வருஷாவருஷம் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்த்துவருகிறார்கள். தீ, வறட்சி, யானை எல்லாம் அந்தக் காட்டை எப்படி மாற்றின என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறதென்றால், அன்றைக்கு யாரோ ஒருவர் வெயிலில் நின்று டேப்பை நேராகப் பிடித்ததால்தான். உங்கள் பிளாட்டுக்கும் 30 வருஷம் கழித்து ஒருவர் வரக்கூடும் என்று நினைத்தே அளங்கள்.

பேர் விஷயம். உள்ளூர்ப் பேரைக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 'பாலை' என்று ஷீட்டில் எழுதிவந்தால் அது உலக்கைப்பாலையா, வெட்பாலையா, ஏழிலைப்பாலையா, குடசப்பாலையா? நான்கும் வேறு வேறு மரம், உலக்கைப்பாலை மற்ற மூன்றின் தாவரக் குடும்பத்திலேயே சேராதது. சந்தேகம் இருந்தால் பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து ஒன்று எடுத்து, செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவையுங்கள், மழைக்காலத்தில் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். காய்ந்தபின் தெரியாமல் போகிறவற்றை அங்கேயே எழுதுங்கள்: பூவின் நிறம், வாசனை, பட்டை, ஒடித்தால் பால் வருகிறதா. அப்புறம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்திலோ (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்), கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியத்திலோ உள்ள தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

பால் என்றதும் நினைவு வருகிறது. பிச்சாவரத்தில் முதல் நாள், படகிலிருந்து ஒரு கிளையைப் பிடித்து ஏறப்போனேன். படகோட்டி கத்தினார்: "பாப்பா, கைய எடு! தில்லை அது, பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான், கோயிலின் தலமரம். பாடப்புத்தகத்தில் அதன் லத்தீன் பேரை மனப்பாடம் செய்திருந்தேன், நேரில் கையால் பிடிக்கும்வரை அடையாளம் தெரியவில்லை. அலையாத்திக் காட்டில் வேலை செய்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஓதநேரம் பார்த்துக் கிளம்புங்கள், சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்களை மிதிக்காமல் நடக்கப் பழகுங்கள்.

தண்ணீர் எடுக்கும்போது

ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் பார்ப்பதுதான் பெரும்பாலான லேபில் முதல் வேலை. முறை எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, தப்பு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். 300 மி.லி. பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்து, மெதுவாக, குமிழியே இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே, கரையிலேயே சேர்க்க வேண்டும். பிப்பெட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுத்தான் ஊற்ற வேண்டும், மேலிருந்து சொட்டினால் காற்றும் சேர்ந்து போகும். மூடித் தலைகீழாகப் புரட்டினால் பழுப்பாகத் திப்பி இறங்கும். வெள்ளையாகவே இறங்கினால் பதற வேண்டாம், அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம், அதுவும் ஒரு விடைதான். லேபில் அமிலம் விட்டு, 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்தால் ஒரு மி.லி.க்கு லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். வைக்கோல் மஞ்சள் ஆனபிறகுதான் ஸ்டார்ச் விட வேண்டும், முன்னாலேயே விட்டால் நீலம் லேசில் போகாது.

நேரத்தை எழுத மறந்தால் இவ்வளவும் வீண். பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் எல்லா உயிரும் சுவாசித்து விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும், மதியம் பாசி வெயிலில் தயாரித்துத் தள்ளியதில் எகிறியிருக்கும். ஒரே ஏரியில் காலை ஆறு மணிக்கு எடுத்தவர் மீன் சாகப்போகிறது என்பார், மதியம் இரண்டு மணிக்கு எடுத்தவர் ஏரி நன்றாக இருக்கிறது என்பார்.

லேபுக்குள்

மண்ணை நிழலில் காயவையுங்கள், கட்டியை மரக்கட்டையால் தட்டி 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். ஈரப்பதம் பார்க்கத் தனியாக எடுத்த பங்கு மட்டும்தான் 105 டிகிரி ஓவனுக்குப் போகும், அதை வைத்தே சத்துகளையும் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இலை, சருகுக்கு 70 டிகிரி போதும். அலையாத்தி மண்ணில் வாக்லி பிளாக் முறையில் கரிமம் பார்க்கிறவர்கள், உப்பில் உள்ள குளோரைடும் அந்த முறையில் கரிமத்தை அளக்க விடும் டைக்ரோமேட்டைத் தின்னும் என்பதை நினைவில் வைத்து, கந்தக அமிலத்தில் சில்வர் சல்பேட் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இல்லாத கரிமம் எல்லாம் இருப்பதாகக் காட்டும். பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைக்கும் பழக்கம் பல லேபில் இருக்கிறது. அது எலக்ட்ரோடைச் சீக்கிரம் கெடுத்துவிடும், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும்.

அந்த டைக்ரோமேட் கழிவைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். டைக்ரோமேட்டில் இருப்பது ஆறுமதிப்புக் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதும் நாமே, நம் சிங்க்கிலிருந்து குரோமியத்தை விடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் பேர் எழுதிச் சேர்த்துவையுங்கள், அபாயக் கழிவாக அனுப்ப ஏற்பாடு செய்யச் சொல்லித் துறையைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

டேட்டா

ஃபீல்டிலிருந்து வந்த அன்று இரவே, குளிப்பதற்கு முன்னால்கூடச் சரி, ஒவ்வொரு ஷீட்டையும் மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்குள் எக்ஸெலில் ஏற்றுங்கள், ஒரு வாரம் விட்டால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. பிளாட் எண்ணை 1-2 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும், சொல்லவும் சொல்லாது, அதனால் பி01 மாதிரி எழுத்தோடு தொடங்கும் குறியீடு வையுங்கள். 'பார்த்தோம், இல்லை' என்றால் 0. 'பார்க்கவில்லை' என்றால் காலியாக விட்டுக் குறிப்பில் காரணம். இரண்டையும் கலந்துவிட்டால் பிற்பாடு பிரிக்கவே முடியாது. முதலில் ஏற்றிய ஃபைலை மூல ஃபைல் என்று பேர் வைத்துப் பூட்டிவிடுங்கள், திருத்தம் எல்லாம் நகலில். நிறம் அடித்து எதையும் குறிக்காதீர்கள், நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆறு மாதத்தில் மறந்துவிடும். ஒரு நகல் லேப் கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று இணையத்தில். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை முதல் வருஷமே கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்.

பணமும் மனிதர்களும்

2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பல பேருக்கு அது மாதாமாதம் வருவதில்லை, நான்கைந்து மாதம் சேர்ந்து வரும். முடிந்தவரை மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்திருங்கள், ஜீப் வாடகையையும் படகு வாடகையையும் உங்கள் பணத்தில் போட்டுவிட்டுப் பில்லுக்குக் காத்திருக்கும் நிலை வந்தால் கைடிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். கட்டுரையில் யார் பேர் எந்த இடத்தில் வரும் என்பதையும் வேலை தொடங்கும்போதே கேளுங்கள். கேட்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் முடிவில் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

கூட வருகிற இருளர் அண்ணன், படகோட்டி, வேட்டைத் தடுப்புக் காவலர் இவர்களுக்குக் கூலியை அன்றன்றே கொடுங்கள். லேபுக்குப் பில் பாஸ் ஆகும்வரை அவர்கள் வீட்டு அடுப்பு காத்திருக்காது. அவர்கள் சொல்லும் தகவலை நோட்டில் எழுதும்போது யார் சொன்னது என்றும் எழுதுங்கள், தீசிஸில் நன்றி சொல்லும்போது அவர்கள் பேரை அவர்களிடமே கேட்டுச் சரியாக எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் கண்டதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, ஒரு மேப்போடு எடுத்துக்கொண்டு போய் அந்த ஊரில் கொடுங்கள். நான் கொடுத்தபோது, என்னைத் தில்லை மரத்திலிருந்து காப்பாற்றிய அதே படகோட்டி மேப்பை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் விரலால் ஒவ்வொரு வாய்க்காலாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி, "இந்தப் பேரு தப்பு பாப்பா" என்றார். தீசிஸ் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, பென்சிலில் திருத்திக்கொண்டேன்.